ஆர்ட் பேப்பரில் ஓவியம் வரைய முடியாது

ஏழாம் வகுப்பில் நான் செய்த முதல் யானை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் செய்து ஜன்னல் திண்டில் வெயில் படும்படி வைத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தும்பிக்கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம், வயிற்றில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. எனக்கு மட்டும் என்றால் அழுதிருப்பேன். வகுப்பில் நாற்பது பேர் செய்ததில் முழுசாக நின்றவை நாலைந்துதான்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் மண் கரிசல். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து உப்பும், செருப்போடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் ரெண்டு கிலோ கனக்கும். கோடையில் அதே மண் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். அதில் யானை செய்தால் யானையும் பிளக்கத்தானே செய்யும். "வீட்டுப் பக்கத்துல கெடைக்கிற மண்ணை எடுத்துட்டு வாங்க" என்று ஓவிய சார் சொன்னபோது அவருக்கு இது தெரியாமல் இல்லை. உடைந்த தும்பிக்கையோடு நின்ற என்னிடம், "என்ன தாயி, வெடிச்சிருச்சா? சரி, மண்ணு என்ன சொல்லுதுன்னு கேட்டியா?" என்றார். நக்கல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மண்பாண்டம் செய்கிறவர்களிடமிருந்து ஒரு சாக்குக் கண்மாய்க் களிமண் வந்தது. அதோடு சலித்த மணலும் கொஞ்சம். மணல் எதற்கு என்று கேட்டோம். களிமண் காயும்போது சுருங்கும், மணல் சுருங்காது. நடுநடுவே மணல் இருந்தால் மொத்தச் சுருக்கம் குறையும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும். அன்று கற்ற மற்ற விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை வைத்துச் செய்கிறவர்களுக்கு உதவும். மண்ணைச் சப்பாத்தி மாவை விட அழுத்திப் பிசைய வேண்டும், உள்ளே காற்று இருக்கக் கூடாது. உடம்பைக் கெட்டியான உருண்டையாக வைக்காமல் அடியில் குடைந்துவிட வேண்டும். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரு விரல் தடிமன் போதும். காதையும் வாலையும் சும்மா ஒட்டினால் நிற்காது. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஊக்கால் கீறி, மண்ணைத் தண்ணீரில் குழம்பு மாதிரி கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். காய வைப்பது நிழலில், முதல் ரெண்டு நாள் ஈரத்துணி போட்டு மூடி. வெயிலில் வைத்தால் மேல்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்புறம் ஈரமாகவே இருக்கும். வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இரண்டாவது யானை பிழைத்துக்கொண்டது. அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பன்றிக்குத் தும்பிக்கை வைத்த மாதிரி இருப்பதாக அக்கா சொன்னாள். ஆனால் முழுசாக இருந்தது.

நான் 2003-லிருந்து 2008 வரை அந்தப் பள்ளியில் படித்தேன். வாரத்துக்கு ஒரு ஓவிய பீரியட், சில வருடம் ரெண்டு. எனக்கு வரையக் கை வராது என்று ஐந்தாம் வகுப்பிலேயே வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் நம்பினேன். பாதி நேரம் பிரச்சினை கையில் இல்லை, எடுத்த பொருளில் இருக்கிறது என்பது அந்த யானைக்குப் பிறகுதான் மெதுவாக உறைக்க ஆரம்பித்தது.

பென்சிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, எல்லோரும் அதில்தான் தொடங்குகிறோம். ஆனால் ஹெச்.பி., 2பி, 6பி என்று போட்டிருப்பது என்னவென்று எட்டாம் வகுப்பு வரை எனக்குத் தெரியாது. விலை வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. களிமண் கூடினால் கெட்டி, வெளிறிய கோடு. அதுதான் ஹெச் வரிசை. கிராஃபைட் கூடினால் மெத்தென்று கறுப்பாக விழும், அது பி வரிசை. "அப்போ பென்சிலுக்குள்ளயும் மண்ணுதானா சார்?" என்று ஒருத்தன் கேட்டான். மண்தான். நிழல் அடிப்பதற்கு ஹெச்.பி.யை வைத்து அழுத்தி அழுத்தித் தாளைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு 4பி வாங்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதி உள்ளங்கை வியர்வை. கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் அதுவும் தீரும்.

கரித்துண்டு நாங்களே செய்தோம். பால் பவுடர் டப்பாவில் துவரங்குச்சிகளைத் தோல் உரித்து நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, விறகடுப்பில் வைத்துவிட வேண்டும். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் டப்பாவை எடுத்துவிடலாம், ஆனால் முழுசாக ஆறும் வரை திறக்கக் கூடாது. நான் திறந்தேன். காற்றுப் பட்டதும் உள்ளே கனன்று, கரி சாம்பலாகிவிட்டது. இரண்டாம் முறை பொறுமையாக இருந்தேன். அந்தக் குச்சியால் வரைந்த ஆச்சியின் முகம்தான் நான் வரைந்ததிலேயே ஆச்சி மாதிரி இருந்தது. பேருந்தில் அதைச் சுருட்டிக்கொண்டு வந்ததில் முகம் முழுக்க அழிந்து மூக்குத்தி மட்டும் மிஞ்சியது தனிக் கதை. கரிப்படத்தைச் சுருட்டாதீர்கள், மேலே ஒரு தாள் வைத்து அட்டைக்கு நடுவில் தட்டையாகக் கொண்டுபோங்கள்.

இனி வாட்டர் கலர். என்னை அதிகம் அழவைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அப்பா சிவகாசி அச்சகங்களுக்குக் காகிதக் கட்டு ஏற்றும் லாரி ஓட்டினார். வெட்டிப் போட்ட ஓரத்தாள்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். மற்ற பிள்ளைகள் நோட்டுத் தாளில் வரையும்போது என்னிடம் வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, கனமாக ஒரு தாள் இருந்தது. காலண்டர் அடிக்கிற தாள். ஆர்ட் பேப்பர் என்று அப்பா பெயர் சொன்னார். பெயரிலேயே ஆர்ட் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? பெருமையாக வகுப்புக்கு எடுத்துப்போய், பன்னிரண்டு வில்லை கேக் டப்பாவைத் திறந்து, வானம் தீட்ட ஆரம்பித்தேன். நீலம் தாளில் இறங்கவே இல்லை. சேம்பிலைத் தண்ணீர் மாதிரி திட்டுத் திட்டாக உருண்டு நின்றது. பிரஷ்ஷால் சேர்த்தால் ஓடியது, காய்ந்த இடத்தில் மறுபடி தொட்டால் முதலில் போட்டதும் சேர்ந்து கழன்று வந்தது. வானத்துக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

சார் தாளை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அதன் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. வெள்ளைக் களிமண், சுண்ணாம்புத்தூள் போன்றவற்றைக் கலந்து பூசி வழவழப்பாக்குவது. அச்சு மை உள்ளே இறங்காமல் மேலேயே பளிச்சென்று நிற்கத்தான் அந்தப் பூச்சு. வாட்டர் கலருக்குத் தாளின் நார் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்க வேண்டும். "இது ஆர்ட் பேப்பர்தான் தாயி, ஆனா ஆர்ட்டுக்கு ஆகாது" என்றார். மறுபடியும் மண்தான் என் வழியில் வந்து நின்றிருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் யோசித்துச் சிரித்தேன்.

பிறகு கார்ட்ரிட்ஜ் தாள் என்கிற, பூச்சில்லாத தடித்த வரைதாள் வாங்கினேன். நோட்டுக்குப் போடுகிற மேப்லித்தோ தாளும் பழகுவதற்குப் பரவாயில்லை, ஆனால் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி வளையும். அதற்கு ஒரு வழி: தாளின் இரண்டு பக்கமும் ஈரப்பஞ்சால் தடவி, பரீட்சை அட்டையில் விரித்து, நான்கு ஓரத்தையும் பசைத்தாள் பட்டையால் ஒட்டிக் காய விட வேண்டும். காயும்போது தாள் இறுகி மத்தளத் தோல் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் தீட்டினால் வளையாது. படம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு ஓரத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

தாள் சரியானதும் அடுத்த சண்டை வெள்ளையோடு. கேக் டப்பாவில் வெள்ளை வில்லை ஒன்று இருந்ததால் மேகத்தைக் கடைசியில் வெள்ளையால் போட்டுக்கொள்ளலாம் என்று முழு வானத்தையும் நீலமாக்கிவிட்டேன். வெள்ளை போட்டால் சாம்பல் பூத்த மாதிரிதான் விழுந்தது. வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். மேகம் எங்கே, சொம்பில் மினுங்கும் இடம் எங்கே என்று முதலிலேயே முடிவு செய்து அங்கே பிரஷ் படாமல் விட வேண்டும். வெளிறிய நிறத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக அடர்த்திக்குப் போக வேண்டும், திரும்பி வர வழி கிடையாது. போஸ்டர் கலர் இதற்கு நேர்மாறு. அது மூடிவிடும், தப்பு செய்தால் காய்ந்த பிறகு மேலேயே வேறு நிறம் போடலாம். சுபாவத்தில் நான் போஸ்டர் கலர் ஆள். தப்பு செய்துவிட்டுத் திருத்துகிறவள். வாட்டர் கலர் முன்கூட்டியே யோசிக்கிறவர்களுக்கானது. என் அக்காவுக்கு அது வெகு எளிதாக வந்தது, எரிச்சலாக இருந்தது.

பச்சை கலக்கும்போது சாணி நிறம் வருகிறது என்று அழுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எல்லா நீலமும் ஒன்றில்லை. கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும் அல்ட்ராமரீனை மஞ்சளோடு சேர்த்தால் மங்கிய பச்சைதான் வரும், காய்ந்த புல்லுக்கு அது நன்றாக இருக்கும். பிரஷ்யன் புளூவையும் எலுமிச்சை மஞ்சளையும் சேர்த்துப் பாருங்கள், நாற்றங்கால் பச்சை வரும். அப்புறம் தண்ணீர். ஒரு டம்ளர் போதாது, ரெண்டு வேண்டும். ஒன்று பிரஷ் அலச, ஒன்று கலக்க. சாணி நிறத்தில் பாதி அந்த அழுக்குத் தண்ணீரிலிருந்து வருவதுதான்.

ஆயில் பேஸ்டல் எல்லோருக்கும் பிடித்தது. தேய்த்தால் நிறம் நிறைகிறது, தண்ணீர் தேவையில்லை. எங்கள் ஊர் மே மாதத்தில் டப்பாவிலேயே இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தவிர எனக்கு அதன் மேல் புகார் இல்லை. மேலே கறுப்பைத் தேய்த்து ஊசியால் கீறி அடிநிறத்தை வரவழைப்பது, மெழுகுவர்த்தியால் வரைந்து மேலே வாட்டர் கலரை ஓட விட்டு மெழுகுபட்ட இடம் வெள்ளையாக நிற்பதைப் பார்ப்பது எல்லாம் ஒரு மதியத்துக்கு நல்ல விளையாட்டு. வெள்ளை வேண்டிய இடத்தை முதலிலேயே காப்பாற்றி வைக்கும் பழக்கம் எனக்கு வந்தது இந்த மெழுகுவர்த்தியால்தான்.

காகிதக் கூழ் விஷயத்தில் எங்கள் சார் தோற்றார், ஆச்சி ஜெயித்தாள். பள்ளியில் செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் ஊறவைத்து, பலூன் மேல் ஒட்டி முகமூடி செய்தோம். பசை காய்ச்சுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள், அக்கம்பக்கத்தில் பெட்டி ஒட்டாத வீடே இல்லை. முகமூடி அருமையாக வந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது பீரோவுக்குள் கரப்பானும் எலியும் மைதாவுக்காக முகத்தையே தின்றிருந்தன. வீட்டில் சொன்னதும் ஆச்சி, "வெந்தயம் போடலையா?" என்றாள். அவள் காலத்தில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இடித்து, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்கள். வெந்தயத்தின் கொழகொழப்பே பசை, அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது. கூடையில் புளியும் வற்றலும் போட்டு வைப்பார்கள். அடுத்த முகமூடியை ஆச்சி முறையில் செய்தோம். போஸ்டர்காரர்கள் பசையில் மயில்துத்தம் போடுவது உண்டு, ஆனால் அது விஷம். பிள்ளைகள் கைவைக்கிற வேலையில் வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பில் கழுகுமலைக்குக் கூட்டிப்போனார்கள். வெட்டுவான் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 8-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுவிட்ட கோயில். மேலே விமானத்தில் சிற்பங்கள் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும், கீழே வெறும் பாறை. எங்களை அதன் எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பென்சிலில் வரையச் சொன்னார்கள். அடுத்த பீரியட் ஆளுக்கு ஒரு குளியல் சோப்பு. "மண்ணுல ஒட்டி ஒட்டிச் சேத்தீங்க. இதுல எடுக்க மட்டும்தான் முடியும்" என்றார் சார். மூக்கை முதலில் செதுக்கினேன், ஆர்வம். பிறகு கன்னத்தைக் குறைக்கக் குறைக்க மூக்கு தானாக உடைந்து விழுந்தது. வெளியே துருத்திக்கொண்டு நிற்பது எதுவோ அதற்குச் சோப்பை அதிகமாக விட்டுவைத்து, கடைசியில்தான் அங்கே போக வேண்டும்.

சார் பள்ளிக்கு வருவதற்கு முன் சினிமா பேனரும் சுவர் விளம்பரமும் வரைந்தவர். நாங்கள் படித்த காலத்தில் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் பேச மாட்டார். ஆனால் கொண்டையா ராஜு பேச்சை எடுத்தால் பீரியட் முடிவதே தெரியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்ட ஓவியர், 1976-ல் இறந்தார். சிவகாசி அச்சகங்கள் அடித்த அவருடைய சாமி படங்கள் காலண்டராகத் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் தொங்கின. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாங்கள் ஓவிய பீரியடைத் தூங்குகிற பீரியடாக நினைத்தது சாருக்குத் தாங்க முடியாத விஷயம். திரைச்சீலை ஆட்கள் மாதிரி, வரைந்த படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பத்தடி பின்னால் போய்ப் பார் என்பார். மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்கையில் தெரியாத கோணல் அங்கிருந்து தெரியும். இப்போது செல்போனில் படம் எடுத்துச் சிறிதாக்கிப் பார்த்தாலும் அதே பலன்.

அரசு நடத்தும் ஓவியப் பரீட்சையின் முதல் நிலையான டிராயிங் லோயருக்கு சார்தான் பணம் கட்டச் சொன்னார். முதல் தடவை போய்விட்டது. காரணம் சொம்பு. மேசையில் சமமாகத்தானே உட்கார்ந்திருக்கிறது என்று அடியை நேர்கோடாகப் போட்டிருந்தேன். கண் மட்டத்துக்குக் கீழே இருக்கிற வட்டம் எதுவும் நேர்கோடாகத் தெரியாது. கீழே போகப் போக அது இன்னும் விரிந்த முட்டை வடிவமாகத் தெரியும். அதாவது வாய் வளைவை விட அடி வளைவு குண்டாக இருக்க வேண்டும். ஒரு மாதம் வீட்டில் சொம்பு, செம்பு, குடம், எண்ணெய்த் தூக்கு என்று அகப்பட்டதையெல்லாம் வரைந்தேன். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி அளவெடுப்பது எனக்குப் பழக்கமானது அப்போதுதான். கை மடங்கினால் அளவு மாறிவிடும், அது முக்கியம். இரண்டாம் தடவை பாஸ். அடுத்த நிலையான ஹையர் எழுதவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் ஓவிய பீரியட் கணக்குக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, "படம் போட்டா மார்க் வருமா?" என்றார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கடைசிக்கு வைத்திருந்தது ரப்பர் அச்சு. இன்று நான் சோறு தின்பது அதனால்தான்.

எட்டாம் வகுப்புப் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அச்சடிக்கச் சொன்னார் சார். வெண்டைக்காயும் உருளைக்கிழங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு ஹவாய் செருப்பு. பழைய செருப்பின் அடியை வெட்டி, சொரசொரப்பைத் தேய்த்துவிட்டு, அதில் செதுக்க வேண்டும். உளிக்கு ஒடிந்த குடைக்கம்பி. அதன் குறுக்குவெட்டு 'யு' வடிவில் இருக்கும், நுனியைக் கருங்கல்லில் தேய்த்துக் கூராக்கினால் ரப்பர் வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வரும். கம்பியை எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், பிடித்திருக்கும் கை அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். என் இடது கைக் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

அப்பாவின் செருப்பு பழையது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து 'பொங்கல் வாழ்த்து' என்று அழகாகச் செதுக்கி, காலையில் மை தொட்டு ஒற்றினால் எழுத்தெல்லாம் திரும்பி உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும். எழுத்தை ட்ரேசிங் தாளில் 4பியால் எழுதி, தாளைக் குப்புறப் போட்டு ரப்பர் மேல் கரண்டிக் காம்பால் தேய்த்தால் இடவலம் மாறித் தானே பதிந்துவிடும், அதைச் செதுக்கினால் போதும் என்று மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அப்பாவின் இன்னொரு செருப்பும் போயிருந்தது. ஜோடி இல்லாமல் ஒன்றை வைத்து என்ன செய்வது என்று அவரே கொடுத்தார்.

பானைக்குச் சிவப்பு, கரும்புக்குப் பச்சை, ரெண்டு நிறம், ரெண்டு அச்சு. முதல் பத்து அட்டையில் கரும்பு பானைக்குள் முளைத்திருந்தது. சார் ஒரு அட்டையில் 'எல்' வடிவத்தில் ரெண்டு பட்டை ஒட்டி, வாழ்த்து அட்டையின் மூலையை அதில் முட்டக் கொடுத்து வைக்கச் சொன்னார். அச்சுக்கும் அதே மாதிரி ஒரு முட்டு. ஒவ்வொரு முறையும் தாளும் அச்சும் அதே இடத்தில் உட்காரும். அன்று சாயங்காலம் வீட்டில் கிடந்த தீப்பெட்டி லேபிள்களைப் பார்த்தேன். கிளியின் சிவப்பு மூக்கு கோட்டை விட்டு ஒரு நூல் தள்ளி நின்றது. எத்தனையோ வருடமாகப் பார்த்த லேபிள்தான். இது ரெண்டு தடவை, மூன்று தடவை ஒற்றி வந்த படம் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட். நாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் படம். ஒரு மயிரிழை விலகினாலும் முருகனுக்கு ரெண்டு உதடு. இப்படி ஒரே இடத்தில் உட்காருவதைத்தான் ரெஜிஸ்டர் என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குத் திரையில் காட்டிப் புரியாதபோது நான் ரெண்டு துண்டு ரப்பரும் ஒரு 'எல்' அட்டையும் எடுத்து வருவேன்.

அக்கா மகள் இப்போது ஆறாம் வகுப்பு. முப்பத்தாறு நிறம் உள்ள டப்பா கேட்டாள். ஆறு நிறம், ஒரு உருண்டை பிரஷ், ஒரு தட்டை பிரஷ், ரெண்டு டம்ளர், ஒரு டஜன் கார்ட்ரிட்ஜ் தாள், ஒரு 4பி வாங்கிக் கொடுத்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒடிந்த குடை ஒன்று பரணில் இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு ஊரிலிருந்து கிளம்பும்போது வாசலில் என் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது.